நெருப்புக்குப் பயந்து கட்டிய கொட்டில்

ரொறொன்ரோவின் பழைய பகுதிகளில் கராஜ் வீட்டோடு ஒட்டியிருக்காது. கோபித்துக்கொண்டு போன மச்சான் மாதிரி வளவின் பின்மூலையில் தனியே நிற்கும். நிலம் மிஞ்சிக் கிடந்த காலம், அதனால் அப்படிக் கட்டினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். நிலமும் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம் பயம். 1900களின் தொடக்கத்தில் கார் வாங்கியவர்கள் அதைக் கொண்டுபோய் விட்ட இடம், அதுவரை குதிரையும் வண்டியும் நின்ற பின்வளவுக் கொட்டில். வைக்கோல் கிடந்த இடத்துக்குப் பெற்றோல் வந்து சேர்ந்தது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. மேலே எழும்பிப் போய்விடாது. தரையோடு தரையாக ஊர்ந்து, எங்கே ஒரு சுவாலை கிடைக்கிறதோ அங்கே பற்றிக்கொள்ளும். வீடுகளின் நிலவறையில் நிலக்கரி உலை இரவும் பகலும் எரிந்த காலம் அது. அந்த ஆவியையும் அந்த உலையையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டு யாருக்கு நித்திரை வரும்?

ஆக, இந்தக் கட்டடம் பிறந்ததே நெருப்பை வீட்டிலிருந்து தள்ளி வைப்பதற்காக. பிறகு வந்த நூறு வருடங்களாக அதன் சொந்தக்காரர்கள் பாடுபட்டதோ, அதற்குள் எப்படியாவது ஒரு நெருப்பைக் கொண்டுபோய் வைப்பதற்கு. கராஜ் பட்டறைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வாளையும் சீவுளியையும் மெச்சி எழுதுவார்கள். எனக்கு அந்த வரலாறு அடுப்பின் வரலாறாகத்தான் தெரிகிறது. பூச்சியத்துக்குக் கீழே பதினைந்து பாகையில் எவ்வளவு நல்ல சீவுளியும் கையைக் கடிக்கிற வெறும் இரும்புதான்.

கலிபோர்னியாவில் ஹியூலெட்டும் பக்கார்ட்டும் 1938இல் தங்கள் மின்னணுக் கம்பனி வேலையைத் தொடங்கிய கராஜை இன்று நினைவுச்சின்னமாக வைத்திருக்கிறார்கள். போற்றத்தக்கதுதான். ஆனால் பாலோ ஆல்ரோவில் பனி கொட்டாது. ஸ்காபரோவில் ஜனவரி மாதம் அதே கராஜில் அவர்கள் இருந்திருந்தால் முதலில் கண்டுபிடித்திருப்பது வேறொன்றாக இருந்திருக்கும்.

கராஜுக்குள் முதன்முதல் சூடு தேவைப்பட்டது மனிதனுக்கு அல்ல, காருக்கு. அன்றைய ரேடியேற்றர்களில் ஓடியது பச்சைத்தண்ணீர். உறைந்தால் விரிந்து எஞ்சின் புளொக்கையே பிளந்துவிடும். அதனால் இரவில் தண்ணீரைத் திறந்து வடிய விட்டு, காலையில் வெந்நீர் ஊற்றிக் கிளப்புவார்கள். சிலர் அல்ககோல் கலந்தார்கள். அது ஓட ஓட ஆவியாகிப் போய்விடும். இன்னும் பலர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று மார்கழியில் காரை மரக்கட்டைகளில் ஏற்றி வைத்துவிட்டு சித்திரையில்தான் இறக்கினார்கள். வசதியுள்ளவர்கள் கராஜுக்கென்றே ஒரு சிறு நிலக்கரிக் கொதிகலன் வாங்கினார்கள். நல்ல அமைப்புகளில் அடுப்பு கராஜுக்குள் இருக்காது. சுவருக்கு வெளியே அல்லது தடுப்புக்கு அப்பால் எரியும். சூடான தண்ணீர்க் குழாய் மாத்திரம் உள்ளே வரும். நெருப்பு வெளியே, சூடு உள்ளே. இந்த யோசனையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது மறக்கப்பட்டு, பிறகு நீண்ட காலம் கழித்துத் திரும்பி வருகிறது.

1927இல் பிரெஸ்ரோன் என்ற உறைதடுப்பி சந்தைக்கு வந்தது. அதிலிருந்த எதிலீன் கிளைக்கோல் ரேடியேற்றருக்குள் போனதும் காருக்கு அடுப்புத் தேவையில்லாமல் போயிற்று. அதே காலத்தில் இன்னொரு செய்தியும் பரவிக்கொண்டிருந்தது. ஹட்சன் ஆற்றின் கீழே நியூயோர்க்கில் வெட்டப்பட்ட ஹொலண்ட் சுரங்கப் பாதைக்குள் கார்ப் புகையால் ஆட்கள் சாகாமல் இருக்க எவ்வளவு காற்று வேண்டும் என்று யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சன் ஆராய்ந்தார். கராஜ்களில் சேரும் புகையைப் பற்றியும் அவர் எழுதினார். கதவைச் சாத்திவிட்டு எஞ்சினைச் சூடாக்க ஓடவிட்டவர்கள், மணமும் நிறமும் இல்லாத கார்பன் மொனொக்சைட் வாயுவால் நின்ற இடத்திலேயே விழுந்து இறந்துகொண்டிருந்தார்கள். ஒன்ராறியோவில் கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கும் சட்டம் 2013இல்தான் நிறைவேறியது. எரிபொருள் அடுப்பு உள்ள வீடுகளோடு, கராஜ் ஒட்டியுள்ள வீடுகளையும் அது சேர்த்துக்கொண்டது. தள்ளி நிற்கும் கராஜை அது கேட்கவில்லை. நான் எனதில் ஒன்று மாட்டியிருக்கிறேன். சட்டம் கேட்காவிட்டாலும் நுரையீரல் கேட்கும்.

எங்கள் வீடு 1954இல் கட்டியது. செங்கல் வைத்த ஒற்றைத்தட்டு பங்களா, பின்னால் இருபதுக்கு இருபத்திரண்டு அடியில் மரக் கராஜ். ஸ்காபரோவில் இந்த மாதிரித் தெருக்கள் நிறைய. போர்க்காலத்தில் எக்ளின்ரன் வீதிப் பக்கம் ஜீகோ என்ற வெடிமருந்துத் தொழிற்சாலை 1941 தொடங்கி 1945 வரை ஓடியது. அதில் வேலை செய்த 21,000 பேரில் பெரும்பாலானோர் பெண்கள். போர் முடிந்ததும் அந்த நிலத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள் முளைத்தன. கோல்டன் மைல் என்று பேர் வைத்தார்கள். 1951இல் ஐம்பத்தாறாயிரம் சனம் இருந்த ஸ்காபரோ, 1961இல் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. வந்தவர்களில் ஏராளமானோர் கை வேலைக்காரர்: கடைசல் பிடிப்பவர், ஒட்டு வேலை செய்பவர், அச்சு செய்பவர். பகலில் முதலாளியின் இயந்திரத்தில் நின்றவர்களுக்கு இரவில் தங்களுடைய ஒரு இயந்திரத்தில் நிற்க ஆசை. எனக்கு அது விளங்கும். நானும் முப்பது வருடத்துக்குக் கிட்ட ஒரு தொழிற்சாலையில் ரூல் அன்ட் டை வேலை பார்த்தவன். அதற்கு முன்னால் வட்டுக்கோட்டையில் ஓடாவி மகன்.

எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவரும் என் தொழில்காரர்தான் என்பதை வீட்டைப் பார்க்கப் போன அன்றே கண்டுகொண்டேன். மற்றவர்கள் குசினியைப் பார்த்தார்கள்; நான் பின்கதவால் கராஜுக்குப் போனேன். யன்னலோரமாக ஒரு தச்சு மேசை. பழைய பாரக் கதவு ஒன்றைப் படுக்க வைத்து நாலங்குலத் தடிப்பான கால்கள் கொடுத்திருந்தார். அதற்கு மேலே வளையில் குழந்தைகளின் உணவுப் போத்தல்கள் வரிசையாகத் தொங்கின. மூடியை வளையில் திருகாணியால் அடித்துவிட்டு, போத்தலைத் திருகி மாட்டுகிற வேலை. உள்ளே ஆணி, வொஷர், கொண்டி என்று கண்ணாடிக்குள்ளால் தெரியும். திருகாணிகளில் முக்கால்வாசி சதுரக் குழி வைத்தவை. ஒன்ராறியோ மில்ரனில் பி. எல். றொபேட்சன் 1908இல் தொழிற்சாலை போட்டு, 1909இல் காப்புரிமை எடுத்த திருகாணி அது. வின்சர் பக்கத்து ஃபோர்ட் ஆலையில் மொடல் ரி கார்களின் மரச் சட்டங்களை இணைத்ததும் இதுதான். திருப்புளி வழுக்காது, ஒற்றைக் கையால் ஏற்றலாம். இந்த நாடு உலகத்துக்குக் கொடுத்தவற்றுள் இன்சுலினுக்கு அடுத்ததாக நான் வைப்பது இதைத்தான். மனைவி இதை ஒப்புக்கொள்வதில்லை.

சுவரில் துளைப் பலகை. ஒவ்வொரு ஆயுதத்தின் உருவத்தையும் சிவப்புப் பெயின்றால் வரைந்து வைத்திருந்தார். ஆயுதங்கள் போய்விட்டன, சிவப்புச் சுத்தியலும் சிவப்புக் குறடும் சிவப்பு மூலைமட்டமும் மட்டும் நின்றன. கீழ்த் தட்டில் ஒரு மோட்டார் கிடந்தது. மூன்றிலொரு பங்கு குதிரைவலு. தூக்கினால் அதற்கு மூன்று மடங்கு வலு உள்ளதைப் போலப் பாரம். அதன் தகட்டைத் துடைத்துப் பார்த்தேன்: 25 சைக்கிள், 1425 சுற்று.

அந்தத் தகட்டுக்குள் ஒன்ராறியோவின் பாதிக் கதை இருக்கிறது. நயாகராவில் முதன்முதல் பெரிய அளவில் மின்சாரம் எடுத்தவர்கள் செக்கனுக்கு 25 சுற்று என்ற கணக்கில் எடுத்தார்கள். அடம் பெக் என்ற அரசியல்வாதி 1906இல் பொதுமக்களுக்குச் சொந்தமான ஹைட்ரோ ஆணைக்குழுவை உண்டாக்கி, 1910 முதல் நயாகராவின் மின்சாரத்தைத் தென் ஒன்ராறியோ முழுக்க இழுத்துக்கொண்டு வந்தபோது அந்த 25 சைக்கிளும் கூடவே வந்தது. மலிவான மின்சாரம், ஆனால் விளக்கு மினுங்கும். மோட்டாருக்கு இரும்பு அதிகம் போட வேண்டும். அதுதான் அந்தப் பாரம். மிக வேகமாகச் சுற்றக்கூடிய தூண்டல் மோட்டார்கூட நிமிடத்துக்கு 1500 சுற்றைத் தாண்டாது. தெற்கே அமெரிக்கர்கள் 60 சைக்கிளில் இருந்தார்கள். மில்வோக்கியில் டெல்ரா கம்பனி 1920களிலிருந்து வீட்டுப் பட்டறைக்கென்று சின்ன வாள்களும் கடைசல் இயந்திரங்களும் செய்து, உலகமே தொழில் இழந்து நின்ற 1930களில்கூட விற்றது. அதைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கின ஒன்ராறியோக்காரர் 25 சைக்கிள் மோட்டாரைத் தேடிப் பொருத்தி, கப்பி அளவையும் மாற்ற வேண்டியிருந்தது.

1949இல் தொடங்கி 1959 வரை ஹைட்ரோ ஆட்கள் தெருத் தெருவாக வந்து எல்லாவற்றையும் 60க்கு மாற்றினார்கள். குளிர்சாதனப் பெட்டி, உடுப்புத் தோய்க்கும் இயந்திரம், இசைத்தட்டுப் பெட்டி எல்லாவற்றிலும் கை வைத்தார்கள். மாற்றாமல் விட்ட மணிக்கூடு பேய் பிடித்தது போல ஓடும். மாற்றாத மோட்டாரும் அப்படித்தான், கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு வேகத்துக்கு எழும்பப் பார்க்கும். அதில் ஒரு சாணைக்கல் பூட்டியிருந்தால் கல் சிதறும். எங்கள் வீட்டு மனிதர் தன்னுடைய பழைய மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுப் புதிதொன்று போட்டிருக்கிறார். பழையதை எறியவில்லை. கை வேலைக்காரன் எவனும் ஓடுகிற மோட்டாரை எறியமாட்டான், அது ஓடுவதற்கான மின்சாரமே நாட்டில் இல்லாவிட்டாலும்.

மின்சாரம் மாறிய அந்தப் பத்து வருடங்கள்தான் கராஜ் பட்டறைகள் நிரம்பிய காலமும். பிளாக் அன்ட் டெக்கர் 1946இல் வீட்டுக்காரருக்கான கால் அங்குலத் துளைபோடும் கருவியை விட்டது. அடுத்த வருடம் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் ஒரே உடம்பில் வாள், கடைசல், துளை எல்லாம் உள்ள ஷொப்ஸ்மித்தை வெளியிட்டார். குவெல்ஃபில் பீவர் என்ற பெயரில் கனடா இயந்திரங்கள் வார்த்தார்கள். கியூபெக் ட்ரமண்ட்வில்லில் ஜெனரல் கம்பனி 1946இல் தொடங்கியது. அவர்களுடைய பத்தங்குல மேசைவாள் ஒன்று இப்போது என் கராஜின் நடுவில் நிற்கிறது. பழையது வாங்கி, நாலு பேராகச் சேர்ந்து இறக்கியது. ஈற்றன்ஸ் கடைப் பட்டியல் 1884 முதல் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. 1950களில் சிம்ப்சன்ஸ்-சியேர்சும் சேர்ந்துகொண்டது. தபாலில் காசு அனுப்பினால் இயந்திரம் வாசலுக்கு வரும். ஆயுதம் கிடைப்பது ஒருநாளும் கஷ்டமாக இருக்கவில்லை.

கஷ்டம் சூடுதான். அந்த மனிதர் அதற்கு என்ன செய்தார் என்பது வடக்குச் சுவரில் எழுதியிருந்தது. ஆறங்குல வட்டத் துவாரம், அதை மூடித் தகரம். அதற்குக் கீழே சீமெந்தில் நாலு கால்களின் தடம். பின்னால் சுவரில் சாம்பல் நிறத்தில் ஒரு அட்டை. ஐம்பதுகளில் அடுப்புக்குப் பின்னால் எல்லோரும் அடித்தது அஸ்பெஸ்ரஸ் அட்டைதான். நான் அதில் விரல்கூட வைக்கவில்லை. அதற்கென்று உரிமம் உள்ளவர்கள் முகமூடியும் வெள்ளை உடுப்புமாக வந்து பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோனார்கள்.

அங்கே நின்றது ஒரு கியூபெக் ஹீற்றர் என்பது என் ஊகம். ஆளின் நெஞ்சளவு உயரத்தில், உருளை வடிவத்தில், கரியும் விறகும் எரிகிற இரும்பு அடுப்பு. ஒருகாலத்தில் கனடாவின் சின்ன வீடுகளில் இருந்தது இதுதான். பென்சில்வேனியாவிலிருந்து நிலக்கரி வந்த காலம் போய் எண்ணெய் உலை வந்தது. பிறகு 1958இல் டிரான்ஸ்கனடா குழாய் பூர்த்தியாகி அல்பேர்ட்டாவின் எரிவாயு ரொறொன்ரோவை எட்டியது. வீடு ஒவ்வொரு படி ஏறும்போதும், வீட்டுக்கு வேண்டாமல் போன அடுப்பு கராஜுக்கு வந்தது. வீட்டின் போன தலைமுறைச் சூட்டில்தான் பட்டறை வாழ்ந்தது என்று சொல்லலாம். தச்சனுக்கு அதில் குறை இல்லை. அடுப்பு இருந்தால் சீவலும் மரத்துண்டும் விறகாகும். அதன் தலையில் பசைச் சட்டியும் வைக்கலாம். விலங்குத் தோலும் எலும்பும் காய்ச்சிய பழைய பசை சூட்டில்தான் இளகி நிற்கும், குளிர்ந்த பலகையில் பூசிய கணமே கட்டியாகிவிடும். மனிதனுக்கு முன்னால் பசைக்குக் குளிர் பிடிக்கவில்லை. இன்றைய மஞ்சள் பசையும் அப்படியே. பத்துப் பன்னிரண்டு பாகைக்குக் கீழே சுண்ணாம்பு போல வெளிறிக் காயும். அந்த மூட்டு கையால் இழுத்தால் கழன்று வரும்.

1973இல் எண்ணெய் விலை ஏறியதும் விறகடுப்புக்கு மறுபடி மவுசு வந்தது. அந்தக் காலத்தின் சின்னம் பீப்பா அடுப்பு. நாற்பத்தைந்து கலன் எண்ணெய்ப் பீப்பாவைப் படுக்க வைத்து, வாயில் ஒரு வார்ப்பிரும்புக் கதவு, கீழே நாலு கால், மேலே புகைபோக்கிக்கு ஒரு கழுத்து. பீப்பா எங்கேயும் கிடைக்கும். மற்ற உருப்படிகள்தான் கிடைக்காது. ஒட்டாவாவில் அரச உத்தியோகத்தில் இருந்த லெனர்ட் லீ அந்த உருப்படிகளைப் பெட்டியாகக் கட்டித் தபாலில் விற்க ஆரம்பித்தார். 1978இல் அது லீ வலி ரூல்ஸ் என்ற கம்பனி ஆனது. இன்றைக்குக் கனடாவில் மரவேலை தெரிந்த யாரிடமும் கேளுங்கள், அவர்களுடைய சீவுளியைப் பற்றியும் உளியைப் பற்றியும் அரை மணித்தியாலம் சொல்வார்கள். அந்தக் கம்பனி முதலில் விற்றது அடுப்பு. நான் சொல்கிற கதைக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

பீப்பா அடுப்பு அழகாகச் சுடும், கூடவே பயங்கரமாகவும் சுடும். தகடு மெல்லியது, நாலைந்து மாரிகளில் அடி உளுத்துப்போகும். செந்நிறமாகப் பழுத்து நிற்கிற பீப்பாவுக்குப் பக்கத்தில் மரத்தூளும், வார்னிஷ் டப்பாவும், புல்வெட்டும் இயந்திரத்துக்கான பெற்றோல் கானும் இருந்தால் என்னவாகும்? கராஜைத் தள்ளிக் கட்டினவர்களின் தீர்க்கதரிசனம் விளங்கும். எத்தனையோ கராஜ்கள் எரிந்தன, வீடு தப்பியது. இப்போது காப்புறுதிக்காரரிடம் கராஜில் விறகடுப்பு என்று சொன்னால் அதற்கு மேல் கதை கேட்கமாட்டார்கள்.

அதே எழுபதுகளில் இன்னொரு பாடமும் படிக்கப்பட்டது: அடுப்பைப் பெரிதாக்குவதைவிடச் சுவரைத் தடிப்பாக்குவது மேல். 1977இல் மத்திய அரசு வீடுகளுக்குக் காப்புப் போடப் பணம் கொடுக்கத் தொடங்கியது. அந்த அவசரத்தில் சுவருக்குள் யூரியா-ஃபோமல்டிஹைட் நுரையை அடித்தார்கள். 1980இல் அது தடைசெய்யப்பட்டது. பரணில் கொட்டிய வெர்மிக்கியூலைற்றில், மொன்ரானாவின் லிபி சுரங்கத்திலிருந்து வந்ததில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. நல்ல எண்ணத்தோடு சுவருக்குள் போட்டதை வெளியே எடுக்க இரண்டு மடங்கு செலவு. கராஜ்கள் இதில் தப்பின. அவற்றுக்கு யாரும் பணம் கொடுக்கவில்லை.

எங்கள் கராஜிலும் வெறும் நிமிர்சட்டங்களுக்கு மேல் வெளிப்பலகை, அவ்வளவுதான். இடுக்கால் பக்கத்து வீட்டு நாய் தெரிந்தது. முதல் மாரியில் மண்ணெண்ணெய் ஊதி ஒன்றை வைத்து வேலை செய்தேன். கட்டுமான இடங்களில் வைப்பார்களே, பீரங்கி மாதிரி உறுமுகிறது. சூடு வந்தது. கூடவே தண்ணீரும் வந்தது. ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் சேரும். ஒரு கிலோ புரொபேன் என்றால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல். புகைபோக்கி இல்லாத அடுப்பில் அந்த ஆவி போகிற இடம், வீட்டுக்குள் மிகக் குளிர்ந்த பொருள் எதுவோ அது. பட்டறையில் அது இயந்திரத்தின் வார்ப்பிரும்பு மேசை. ஒரு மணித்தியாலத்தில் வியர்க்கும், மறுநாள் செம்மண் நிறத்தில் துருப் பூத்திருக்கும். நெருப்பு வேண்டும், ஆனால் நெருப்பின் மூச்சு உள்ளே வேண்டாம். நூறு வருடத்துக்கு முந்திய அந்தக் கொதிகலன்காரன் இதைத்தான் செய்தான்.

ஆகவே நான் சுவரிலிருந்து தொடங்கினேன். இரண்டுக்கு நாலு சட்டங்களுக்கிடையில் ஆர்-14 கண்ணாடிப்பஞ்சு, அதன் சூடான பக்கத்தில் பொலித்தீன், அதற்கு மேல் சுவருக்குப் பலகை. பலகை ஏன் என்றால் எந்த இடத்திலும் திருகாணி ஏற்றி எதையும் தொங்கவிடலாம். ஜிப்சம் அட்டையில் அது நடக்காது. கூரைக்கு இன்னும் தடிப்பாகப் பஞ்சு. வண்டிக் கதவை மாற்றி நுரை வைத்த கதவு போட்டு, நாலு பக்கமும் றப்பர் விளிம்பு அடித்தேன். சீமெந்துத் தரையை ஒன்றும் செய்யவில்லை. மேசைக்கு முன்னால் நிற்கிற இடத்தில் மரச் சட்டப் பாய் ஒன்று. கால் குளிர்ந்தால் எவ்வளவு சூட்டிலும் ஆள் குளிரும். இவ்வளவும் செய்த பிறகு கணக்குப் போட்டால், காப்பில்லாமல் 45,000 பி.ரி.யு. எரிவாயு ஹீற்றர் வேண்டியிருந்த இடத்துக்கு 17,000 போதும். அதாவது ஐந்து கிலோவாட் மின்சாரம்.

மின்சாரம் இழுக்க வந்த பெடியன் வீட்டுப் பனலைத் திறந்து பார்த்துவிட்டு நெற்றியைத் தடவினான்.

“அண்ணை, வீட்டுக்கே நூறு அம்ப்தான் வருது. கராஜுக்கு அறுபதைக் குடுத்தா, அக்கா சமைக்கிற நேரம் நீங்கள் வாள் போடேலாது.”

“சமைக்கிறதும் அங்கைதான் தம்பி,” என்றாள் மனைவி.

அது பொய் இல்லை. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் தமிழ் ஆட்களின் கராஜ்களுக்குள் எட்டிப் பார்த்தால் பாதியில் ஒரு அடுப்பு இருக்கும். ஆட்டிறைச்சிக் கறியும், கொழுக்கட்டையும், முறுக்குச் சுடும் தாச்சியும் அங்கேதான். கம்பளம் விரித்த வீட்டுக்குள் தாளிதம் மணந்தால் மாரி முழுக்கப் போகாது, யன்னலைத் திறக்கவும் முடியாது. வெள்ளைக்காரர் நெருப்புக்குப் பயந்து தள்ளிக் கட்டின இடத்தை எங்கள் பெண்கள் மணத்துக்குப் பயந்து எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கராஜ் நடுவால் பிரிந்தது. “இஞ்சேருங்கோ, உங்கட மரத்தூள் என்ர மாவுக்குள்ள விழுந்தா அந்தக் கொழுக்கட்டையை நீங்கள்தான் தின்னோணும்.” நான் தடுப்புச் சுவர் ஒன்று அடித்தேன். அவளுடைய பக்கத்துக்குப் புகை உறிஞ்சி, என்னுடைய பக்கத்துக்குத் தூசி உறிஞ்சி. வீட்டுக்கு இருநூறு அம்ப் எடுத்தோம்.

ஊரில் ஐயாவுக்கு இந்தப் பாடு ஒன்றும் இல்லை. வேப்பமரத்தடியில் கிடுகுப் பத்தி, மூன்று பக்கம் திறந்தது. அவர் தேடியது நிழலும் காற்றும். மழை சாரலடித்தால் மரத்தைச் சாக்கால் மூடுவார். பட்டறைக்குச் சுவர் வைப்பது அவருக்கு வீண் செலவாகத் தெரிந்திருக்கும். நான் ஆயுதத்துக்குச் செலவழித்ததைவிடச் சுவருக்குச் செலவழித்தது அதிகம் என்று சொன்னால் நம்பியே இருக்கமாட்டார்.

எரிவாயுவையும் யோசித்துப் பார்த்தேன். கராஜில் பொறியோ சுவாலையோ உள்ள எதுவும் தரையிலிருந்து 450 மில்லிமீற்றருக்கு மேலேதான் இருக்க வேண்டும் என்பது விதி. தரையோடு ஊர்கிற பெற்றோல் ஆவிக்கு எதிராக, 1910இல் மனிதர்களுக்கு இருந்த அதே பயத்தை அளவுகோலில் குறித்து வைத்திருக்கிறார்கள். மரவேலைக்காரனுக்கு அது போதாது, ஏனென்றால் தூள் தரையில் நிற்பதில்லை, மிதக்கும். வெளிக்காற்றைக் குழாயால் உறிஞ்சி, மூடிய அறைக்குள் எரித்து, புகையை வெளியே விடுகிற ஹீற்றர்கள் உண்டு. கூரையில் தொங்கும். நல்ல சாமான். கடைசியில் நான் மின்சார ஹீற்றரைத்தான் மாட்டினேன். சில வருடங்களின் பின் அதை உதவிக்கு வைத்துக்கொண்டு, கடுங்குளிருக்கென்று செய்த வெப்பப் பம்பி ஒன்று போட்டேன். பூச்சியத்துக்குக் கீழே இருபத்தைந்து பாகையிலும் அது வெளிக்குளிரிலிருந்து சூட்டைப் பிழிந்துகொண்டு வருகிறது. ஒன்ராறியோ தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2014இல் மூடிவிட்டது. என் மேசைக்கு மேலே வீசுகிற சூட்டில் ஒரு பங்கு, கிழக்கே வாவிக்கரையில் இருக்கும் அணு உலைகளிலிருந்து வருகிறது. நெருப்பை எவ்வளவு தூரம் தள்ளி வைக்கலாம் என்பதற்கு இதற்கு மேல் எல்லை இல்லை.

இப்போது தெருவில் வேறு பேச்சு. ரொறொன்ரோ மாநகரசபை 2018இல் பின்ஒழுங்கையோரம் வீடு கட்ட அனுமதித்தது. 2022இல் ஒழுங்கை இல்லாத வளவுகளின் பின்பக்கத்திலும் கட்டலாம் என்றது. வாடகை விற்கிற விலைக்கு, கராஜைப் பட்டறையாக வைத்திருப்பது ஊதாரித்தனம் என்று கணக்குக் காட்டுகிறார்கள். எங்கள் தெருவில் இரண்டு கராஜ்கள் போய்விட்டன. ஒன்றை இடிக்கும்போது அந்த மேசையின் வைஸை நான் போய்க் கேட்டு வாங்கி வந்தேன், இருபது டொலர். மகனும் ஒரு வரைபடம் கொண்டுவந்து குசினி மேசையில் விரித்தான். படுக்கையறை இரண்டு, நல்ல வெளிச்சம், என் வாள் நிற்கிற இடத்தில் குளியலறை.

“அப்பா, எல்லாம் சரி. ஒரு விஷயம்தான்,” என்றான். தீயணைப்பு வண்டி நிற்கிற தெருவிலிருந்து அந்த வீட்டு வாசலுக்கு 45 மீற்றருக்குள் இருக்க வேண்டும், போகிற பாதை ஒரு மீற்றர் அகலம் இருக்க வேண்டும். நாடாவின் ஒரு நுனியை நான் பிடித்தேன். தூரம் சரிவந்தது. பாதைதான் வரவில்லை, வீட்டுக்கும் பக்கத்து வேலிக்கும் நடுவில் புகைபோக்கி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கிறது, அந்த இடத்தில் 82 சென்ரிமீற்றர். நிலக்கரி எரித்த காலத்துப் புகைபோக்கி, இப்போது அதற்குள் ஒன்றும் போகவில்லை. அதை உடைக்க என்ன செலவாகும் என்று மகன் மேசனிடம் கேட்டிருக்கிறான். மேசன் இன்னும் விலை சொல்லவில்லை.